தட்டிக்கு அந்தப் பக்கத்து வகுப்பு

வலியசாலைப் பஞ்சாபகேசன் சாரைப் பற்றித் தெருவில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷர் என்றுதான் சொல்வார்கள். வம்புக்குப் போகமாட்டார், புகையிலை போடமாட்டார், மழையோ வெயிலோ காலை எட்டரைக்குக் குடையும் கையுமாகக் கிளம்பிவிடுவார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கோளாறு. அடுத்தவருக்கு ஒரு நல்லது நடந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கூடப் படித்தவன் செக்ரட்டேரியட்டில் பெரிய நாற்காலிக்குப் போனபோது இறங்கவில்லை. எதிர்வீட்டில் ரேடியோ வாங்கியபோது இறங்கவில்லை. அதே ரேடியோ ஒருநாள் கரகரவென்று இழுத்துக்கொண்டு நின்றபோது ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று அவர் மனைவி பாகீரதியே சொல்வாள்.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. பெரிய பொறாமை வந்தது 1977-ல், அவருடைய நாற்பத்துமூன்றாவது வயதில். அது ஒரு மூங்கில் தட்டி வழியாக வந்தது.

பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில் 'விஜயதாரா டுடோரியல்ஸ்' என்று ஒரு பலகை தொங்கும். காலேஜில் இடம் கிடைக்காதவர்களும், பகலில் கடையிலோ ஆபீசிலோ வேலை பார்ப்பவர்களும் காலையில் அங்கே வந்து படித்துவிட்டு, பல்கலைக்கழகப் பரீட்சையைப் பிரைவேட்டாக எழுதுவார்கள். கட்டிடம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓலை வேய்ந்த நீளக் கொட்டகை ஒன்று, அதை நாலாக அடைத்த மூங்கில் தட்டிகள். ஒரு பக்கம் தும்மினால் மறுபக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். ஹாஜர் எடுப்பது கிடையாது. எந்த சார் பிடிக்கிறதோ அந்த சாரின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

பதினைந்து வருஷமாகப் பஞ்சாபகேசன் அங்கே பி.ஏ. கடைசி வருஷத்துக்கு மேக்ரோ எகனாமிக்ஸ் நடத்தினார். தனி ஒரு வீட்டின் வரவு செலவு அல்ல, நாட்டின் மொத்த வருமானம், மொத்தச் செலவு, விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற பாடம் அது. அவருக்கு அது பாடமே இல்லை, பட்டா போட்ட நிலம். நடத்துவது என்றால், நோட்ஸ் சொல்லுவார். கண்ணை மூடிக்கொண்டு, கமா, முற்றுப்புள்ளி உட்பட, போன வருஷம் சொன்னதை இந்த வருஷமும் சொல்லுவார். பையன்களும் பெண்களும் குனிந்த தலை நிமிராமல் எழுதுவார்கள். அந்த நோட்டை அடுத்த வருஷத்துக்காரர்கள் வாங்கிப் பார்த்து எழுதுவார்கள். பஞ்சாபகேசன் சார் நோட்ஸை வரி பிசகாமல் நெட்டுருப் போட்டால் பாஸ் நிச்சயம் என்று கிள்ளிப்பாலம் வரைக்கும் பேச்சு இருந்தது. அவரும் அந்தப் பேச்சை நம்பி நிம்மதியாக இருந்தார்.

அந்த வருஷம் ஆள் அதிகமாகச் சேர்ந்ததால் வகுப்பை இரண்டு பேட்சாகப் பிரித்தார்கள். இரண்டாவது பேட்சுக்கு மேக்ரோ நடத்தச் செண்பகவல்லி வந்தாள். சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த சொரிமுத்துவின் மகள். முப்பது வயதிருக்கும். பி.ஏ.யும் எம்.ஏ.யும் கடையில் உட்கார்ந்தபடியே பிரைவேட்டாக எழுதித் தேறியவள் என்றார்கள். பஞ்சாபகேசனுக்குச் சிரிப்பு வந்தது. பருப்பு நிறுக்கிறவளுக்கு மேக்ரோவா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வாயால், "வாங்கோ டீச்சர், ரொம்ப சந்தோஷம்" என்றார்.

அவள் அவரைப் பார்த்ததும் கையைக் கூப்பினாள். "சார் இருக்க எடத்துல நானும் நிக்கேன்னா அதுவே பெரிசு" என்றாள். முகஸ்துதி என்று அவர் அதை ஒதுக்கிவிட்டார்.

ஆவணி பிறந்ததும் அவருடைய வகுப்பில் ஓர் அதிசயம் நடந்தது. முன்பெஞ்சுகள் காலியாகக் கிடக்க, தட்டியை ஒட்டிய பெஞ்சுகளில் மட்டும் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தட்டி வழியாகக் காற்று வருகிறது போலும் என்று அவர் நினைத்தார். வந்தது காற்று இல்லை. ஒருநாள் அவர் பணவீக்கத்துக்கு நாலாவது காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்கையில், துணிக்கடையில் வேலை பார்க்கும் ஆறுமுகநயினார் எழுந்து நின்றான்.

"சாரே, ஒரு நிமிஷம் நிறுத்துவீங்களா? டீச்சர் இப்பந்தான் பதில் சொல்லப் போறாங்க."

எந்த டீச்சர், என்ன பதில் என்று அவர் கேட்பதற்குள் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. மலையாளமும் தமிழுமாகக் கலந்து ஓடியது.

"எங்க அக்கா வீட்டுக்காரர் தளவாய் மச்சான் கொத்தனாரு. வர்க்கலைல ஒருத்தருக்குத் துபாய்லேர்ந்து பணம் வருது, வீடு கெட்டுதாரு. மச்சானுக்கு ஆயிரம் ரூவா கூலி. மச்சான் அதுல எண்ணூறைச் செலவழிப்பாரு, இருநூறை முடிஞ்சு வெப்பாரு. அந்த எண்ணூறு எங்கே வரும்? எங்கப்பா கடைக்கு வரும். எங்கப்பா அதுல அறுநூத்திநாப்பதைச் செலவழிப்பாரு. அது துணிக்கடைக்குப் போகும், பஸ்காரனுக்குப் போகும். இப்படியே கூட்டிக்கிட்டே போனா, துபாய்க்காரன் போட்ட ஆயிரம் இந்த ஊருல அஞ்சாயிரம் வருமானம் ஆகியிருக்கும். அதான் மல்டிப்ளையர். எப்ப கொறயும்? மச்சான் வள்ளியூர்ல இருக்க அக்காவுக்குப் பயந்து பாதிக் கூலியை அங்க மணியார்டர் பண்ணிட்டாருன்னு வையுங்க. சாலைக் கடைத்தெருவுல மல்டிப்ளையர் அன்னைக்கே படுத்துக்கிடும்."

அந்தப் பக்கம் கொல்லென்று சிரித்தார்கள். இந்தப் பக்கமும் சிரித்தார்கள். அதுதான் பஞ்சாபகேசனுக்குச் சுரீரென்றது. பதினைந்து வருஷத்தில் அவர் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை. பாடத்துக்குச் சிரிப்பு எதற்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். இப்போது அந்தச் சிரிப்பு அவருக்கு வேண்டும்போல இருந்தது.

அன்று மத்தியானம் பாகீரதி இலையைப் பார்த்தாள்.

"ஏன்னா, சாதம் அப்படியே இருக்கே. இன்னிக்கு யாருக்கு என்ன நல்லது நடந்துது?"

"சும்மா இரு. வயிறு சரியில்லை."

"உங்க வயிறு தேவலை. அதுக்கு மேல கொஞ்சம் எட்டத்துல இருக்கறதுதான் சரியில்லையாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் மோரை ஊற்றினாள்.

அதற்கப்புறம் அவர் பட்ட பாடு சொல்லிமாளாது. வகுப்புக்குப் போனதும் முதல் வேலையாகத் தன் நாற்காலியைத் தட்டி ஓரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வாய் பாட்டுக்கு நோட்ஸ் சொல்லும், காது அந்தப் பக்கம் நிற்கும். அவளுடைய ஒவ்வொரு உதாரணமும் அவருக்கு மனப்பாடம் ஆயிற்று. ஒருதரம் தானும் கதை சொல்லிப் பார்த்தார். "ஒரு ஊர்ல ஒரு கொத்தனார்" என்று தொடங்கியதும் ஆறுமுகநயினார், "டீச்சர் சொன்னதா சார்?" என்று கேட்டுவிட்டான். குடையை எடுத்துக்கொண்டு அப்போதே வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. உட்கார்ந்து, சேமிப்பின் இலக்கணத்தை இரண்டு தரம் சொல்லி எழுதவைத்தார்.

தை மாசத்தில் பிரின்சிபால் வேலப்பன் பிள்ளை அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"சாரே, கார்யம் நேரே சொல்லாம். அடுத்த வர்ஷம் ரெண்டு பேட்ச் இல்லா. பாதிக் கொட்டகையை டைப்ரைட்டிங் கிளாசுக்குக் கொடுக்கணும். மேக்ரோவுக்கு ஒரு ஆள் மதி, ஒருத்தர் போதும். மற்றவருக்கு ப்ரீடிகிரி காமர்ஸ் ஜியாகிரபி."

"யாருக்கு எதுன்னு…"

"பிள்ளேர் யார் பெஞ்சில போய் இருக்குன்னோ, அவருக்கு மேக்ரோ. அதல்லே நியாயம்?"

வேறு யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் பஞ்சாபகேசனிடம் சொல்லிக்கொள்ள வேறு என்ன இருந்தது? சர்க்கார் வேலைக்கு வயசு கடந்துவிட்டது. ஊரில் அவரை 'மேக்ரோ சார்' என்றார்கள். அதுவும் போனால், கோதுமை எங்கே விளைகிறது என்று பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு, தட்டி வழியாக அவளுடைய மேக்ரோவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நினைத்தாலே நெஞ்சு காந்தியது. அவள் ஒருநாளாவது தடுக்கி விழமாட்டாளா என்று, இருக்கிற சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டார். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் நேர்ந்துகொண்டார் என்றால் பாருங்கள்.

பிள்ளையார் கைவிடவில்லை. பரீட்சைக்கு எட்டே நாள் இருந்தது. செண்பகவல்லி தினமும் கரும்பலகையின் மூலையில் மீதி நாளை எழுதிவிட்டுத்தான் தொடங்குவாள். அன்றைக்கு எல்லாப் பாடத்தையும் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாட்டோட வருமானத்தை எப்படிக் கூட்டணும்? ஆளாளுக்கு வாறதைக் கூட்டணும். என்னெல்லாம்? கூலி, சம்பளம், பென்ஷன், வாடகை, வட்டி, லாபம்."

பஞ்சாபகேசன் வாயில் இருந்த வாக்கியம் பாதியில் நின்றது. பென்ஷன்! நாற்காலியிலிருந்து எழுந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இடைவேளைக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. அந்தப் பத்து நிமிஷம் அவரால் பொறுக்க முடியவில்லை. வாசல்வழியாகச் சுற்றிக்கொண்டு அவள் வகுப்புக்குள் போய் நின்றார். எண்பது பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். தட்டியின் இடுக்குகளில் அவருடைய வகுப்பின் கண்கள் வேறு.

"டீச்சர், ஒரு சந்தேகமாக்கும். பென்ஷனை தேசிய வருமானத்துல சேக்கலாமோ?"

"சேக்கணும் சார்."

"ஏனாம்?"

"மாசாமாசம் வீட்டுக்கு வருதுல்லா சார்? அது வருமானந்தானே" என்று சொல்லிவிட்டு அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஒப்பித்த பிள்ளை வாத்தியார் முகத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. அதை அப்போது அவர் கவனிக்கவில்லை.

வகுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "கேட்டேளா? பென்ஷன் வாங்கறவர் இந்த வருஷம் என்ன உத்பத்தி பண்றார்? ஈஸிசேர்ல சாஞ்சுண்டு பேப்பர் படிக்கறார். அவருக்குக் குடுக்கறது நம்மகிட்ட வசூல் பண்ணின வரி. நம்ம வருமானத்துல ஒருதரம் எண்ணியாச்சு. மறுபடியும் எண்ணினா, ஒரே இட்டிலியை ரெண்டு எலைல போட்டுட்டு ரெண்டு இட்டிலின்னு சொல்ற கதைதான். டிரான்ஸ்ஃபர் பேமென்ட்னு அதுக்குப் பேரு. கை மாறித்தே தவிர புதுசா ஒண்ணும் உண்டாகலை. இது முதல் பாடமாக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். அவருடைய வாழ்க்கையிலேயே முதல் தரமாக ஒரு வகுப்பு அவர் பேச்சுக்குச் சிரித்தது. வெந்த புண்ணில் பன்னீர் தெளித்த மாதிரி இருந்தது அவருக்கு.

செண்பகவல்லி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அவரையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் பலகை மூலையில் எழுதியிருந்த எட்டைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பிறகு வகுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"தப்பு என்னோடதுதான். எல்லாரும் பென்ஷனை அடிச்சிருங்க. நோட்டுல மத்த எல்லாம் சரி. மாத்தாம அப்படியே படிங்க."

செய்தி கொட்டகை முழுக்கப் பரவ அரைமணி கூட ஆகவில்லை. மறுநாள் தட்டியோரப் பெஞ்சுகள் காலியாயின, முன்பெஞ்சுகள் நிறைந்தன. வேலப்பன் பிள்ளை, "அது மதி சாரே, மேக்ரோ சாருக்குத்தன்னே" என்று கையைக் குலுக்கினார். பஞ்சாபகேசன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டார். "யாருக்கு என்ன கெடுதல்?" என்று கேட்டாள் பாகீரதி.

ஆனால் அந்த ருசி நெடுநாள் நிற்கவில்லை. வைகாசியில் செண்பகவல்லிக்குப் பப்ளிக் சர்வீஸ் கமிஷனிலிருந்து ஆர்டர் வந்தது. வடக்கே ஓர் அரசுக் கல்லூரியில் லெக்சரர். சர்க்கார் சம்பளம், லீவு, கடைசியில் பென்ஷன்! டுடோரியல் வாத்தியாருக்கு ஏது பென்ஷன்? பென்ஷனை எதில் சேர்ப்பது என்று தெரியாதவளுக்குப் பென்ஷனா என்று அவர் ஒரு வாரம் பொருமினார்.

பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயத்தில் டைப்ரைட்டிங் மெஷின்கள் வந்து இறங்கின. வாத்தியார்களின் அலமாரியை ஒழிக்கச் சொன்னார்கள். அதில் செண்பகவல்லியின் தட்டில் ஒரே ஒரு பழைய நோட்டு கிடந்தது. பெருங்காய வாசனை அடித்தது. யாருடையது என்று அட்டையைத் திருப்பினார். 'தாசம்மாள், பி.ஏ., 1962–63. மேக்ரோ எகனாமிக்ஸ். பஞ்சாபகேசன் சார் நோட்ஸ்.'

அவருடைய முதல் வருஷத்து வகுப்பு. கமாவும் முற்றுப்புள்ளியும்கூட அவருடையவைதான். இரண்டாம் பக்கத்தில், தேசிய வருமானம் என்ற தலைப்பின் கீழ்: கூலி, சம்பளம், பென்ஷன், வாடகை, வட்டி, லாபம்.

பஞ்சாபகேசன் அந்த வரியை மறுபடியும் படித்தார். ஞாபகம் வந்தது. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயசு. அப்பா ரிட்டயர் ஆகியிருந்தார். தெருவில் பதினெட்டு வீடு என்றால் பதினோரு வீட்டில் பென்ஷனில்தான் உலை கொதித்தது. மாசம் பிறந்தால் வெளுத்த வேஷ்டிகள் கூட்டமாக டிரஷரிக்குக் கிளம்பும். வருமானம் என்ற சொல்லை எடுத்தாலே வலியசாலைக்காரன் வாயில் பென்ஷனும் கூடவே வந்துவிடும். அவருக்கும் வந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து ஒரு புத்தகத்தைப் புரட்டும்போதுதான் தப்பு தெரிந்தது. அடுத்த வகுப்பில் அந்த ஒரு சொல்லை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போனார். முன்னால் எழுதிக்கொண்டு போனவர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மானம் போய்விடும் என்று பயந்தார்.

பென்ஷன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் செண்பகவல்லியின் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'புத்தகத்தில் பென்ஷன் இல்லை. புத்தகத்தில் விட்டுப்போயிருக்கும். சார் சொன்னதே சரி.'

பக்கங்களைத் தள்ளினார். மல்டிப்ளையர் என்ற தலைப்பு ஒரு பக்கத்தின் அடியில் இருந்தது. அதற்கப்புறம் நாலு தாள் கிழிந்துபோயிருந்தது.

குடையைக்கூட எடுக்காமல் சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தார். கடையில் சொரிமுத்து பழைய தாளைச் சுருட்டிக் கடுகு கட்டிக்கொண்டிருந்தார். செண்பகவல்லி உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

"வாங்க சார். நாளைக்குப் பொறப்படுதேன். உங்களப் பாத்து சொல்லிட்டுத்தான் போகணும்னு இருந்தேன்."

அவர் நோட்டை எடுத்து மூட்டைமேல் வைத்தார். "டீச்சர், அந்தப் பென்ஷன்… உங்க தப்பு இல்லை. என்னோடதாக்கும்."

"தெரியும் சார். கடைக்கு எடைக்கு வந்த பேப்பர்ல கெடச்ச நோட்டு. கடைல இருந்துக்கிட்டே இதை வெச்சுத்தான் முதல்ல படிச்சேன். பொறவு எம்.ஏ.க்கு எவ்வளவோ படிச்சாச்சு. ஆனா மொதல்ல படிச்சதுல்லா மனசுல நிக்கிது."

"எல்லார் முன்னாடியும் நான் அப்படிக் கேட்டப்போ, இந்த நோட்டைக் காட்டியிருக்கலாமே. ஏன் சொல்லலை?"

"பரீட்சைக்கு எட்டு நாள்தான் இருந்துது சார். ரெண்டு பேட்சும் உங்க நோட்டைத்தான் வெச்சுப் படிக்கி. அது தப்புன்னு ஒரு சொல்லு விழுந்தா எல்லாத்தையும் தூக்கிப் போட்டிருவாங்க. எட்டு நாள்ல வேற எதைப் படிப்பாங்க? என்மேல நம்பிக்கை போனா ஒருத்திதான் போச்சு."

பஞ்சாபகேசனுக்கு வெட்கம் வர வேண்டிய இடம் இது. வரத்தான் வந்தது. ஆனால் அதற்கு ஒரு நிமிஷம் முந்திக்கொண்டு பழைய சரக்கே வந்தது. இந்த யோசனை எனக்கு வந்திருக்குமா, இவளுக்கு மட்டும் எப்படி வந்தது என்ற பொறாமை. கடைசிவரைக்கும் அவர் அப்படித்தான்.

அவள் நோட்டை எடுத்துப் புரட்டினாள். கிழிந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இது என் கைக்கு வாறதுக்கு முந்தியே அப்பா இந்த நாலு தாள்ல கடுகு மடிச்சுக் குடுத்துட்டாங்க. இதுல சார் என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் தளவாய் மச்சான் கதையையே உண்டாக்கினேன். இந்தத் தாசம்மாள் ஆருன்னே தெரியாது. ஆனா அவ மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா சார்? உங்க முன்னால உக்காந்து நேர்ல கேட்டவல்லா. இப்பமாவது சொல்லுங்க. இந்தப் பக்கத்துல என்ன இருந்துது?"

அவள் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிற முகம் இல்லை. பொறாமை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஆயுசு முழுக்க மற்றவர்மேல் பட்டதுதான். தன்னைக் குறித்து ஒருத்தர் படுவதை இப்போதுதான் பார்க்கிறார், அதுவும் இல்லாத ஒரு பக்கத்துக்காக.

"ஒண்ணும் இல்லை, டீச்சர்" என்றார். "மல்டிப்ளையருக்கு ஒரு சூத்திரம் இருந்தது. அவ்வளவுதான்."